தாலி கழற்றி எடுத்த படம்

கச்சிராயபாளையம்,
மாசி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயசுதா எழுதுவது. நீங்களும், கிணறு துளைக்கிற போர் வண்டியில் உங்களோடு இருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். இங்கே அத்தை சுகம், நம் குழந்தை சந்தியா சுகம். அப்பா போட்டோவுக்கு முத்தம் கொடுத்துக் கொடுத்து அதை நனைத்து வைத்திருக்கிறாள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். கடைசியாகப் பேசினபோது என் நாக்கு குழறியது. "இன்னாடி, காலங்காத்தால போட்டுட்டியா?" என்று கேட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள் போல, வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தது கேட்டது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு அத்தை என் நோயின் பேரை உங்களுக்குச் சொன்னார். அன்றிலிருந்து அவரோடு மட்டும்தான் பேசுகிறீர்கள். என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை. கண்ணாயிரம் அண்ணன் லீவு முடிந்து சத்தீஸ்கருக்கு உங்கள் வண்டிக்கே திரும்புகிறார் என்று தெரிந்ததும், அவரிடம் கொடுத்தனுப்ப எழுத உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது. எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஆடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வலது கண்ணில் பழுத்த மிளகாய் கூட வெளுத்துத் தெரிந்தது. களை பிடுங்கக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வரை கரண்ட் அடித்தது. அத்தை என்னை வெள்ளிமலைக்கு அழைத்துப் போய்க் கயிறு மந்திரித்துக் கட்டினார். பிறகு கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றார். உடம்பில் குண்டூசி கூட இருக்கக் கூடாது, தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்று என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.

அத்தைக்கு முகமே செத்துவிட்டது. உடனே உங்களுக்குப் போன் செய்தார். நீங்கள் கத்தியது எனக்கே கேட்டது. "நான் உசுரோட இருக்கசொல்ல தாலிய அவுப்பீங்களா? ஒன்னும் வாணாம், வூட்டுக்கு இட்டுக்கினு போ!" என்றீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் உங்கள் வண்டியில் குழாய் சரிந்து ஒரு பையன் இறந்து போயிருந்தான். நீங்கள் பயந்ததில் தப்பில்லை மாமா. எனக்கும் அன்று நீங்கள் சொன்னதுதான் சரி என்று பட்டது. தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாடா என்றுதான் வெளியே வந்தேன்.

தாலியோடேயே எடுக்கிற வேறு ஸ்கேன் ஒன்றைத் தலைக்கு எடுத்துக்கொண்டோம். அதில் ஒன்றும் தெரியவில்லை. இது போதாது என்று டாக்டர் சொன்னதை யார் காதில் வாங்கினோம்? கொஞ்ச நாளில் கண்ணும் தானாகவே தெளிந்தது. வேண்டுதல் பலித்தது என்று கோயிலில் பொங்கல் வைத்தோம். அந்தப் பொங்கலை ஊருக்கெல்லாம் கொடுத்தேனே, அதை நினைத்தால்தான் இப்போது ஆற்றாமை தாங்கவில்லை. இந்த நோய் அப்படித்தானாம். வந்து ஆட்டி வைக்கும், போய்விட்ட மாதிரி காட்டும், உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தை பிறந்ததும் இடது கால் மரத்துப் போனது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. ஒரு நாள் கஞ்சி வடிக்கும்போது கால் மடங்கிப் பானையோடு விழுந்தேன். கொதிக்கிற கஞ்சி சந்தியா உட்கார்ந்திருந்த இடம் வரை ஓடியது. அத்தை அவளைத் தூக்கியதால் பிழைத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடியே அத்தை சொன்னார்: "கெளம்புடி. இந்தத் தபா எவனையும் கேக்க மாட்டேன்."

அன்றைக்கு ஸ்கேன் அறை வாசலில் நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தன் கை பட்டால் உங்களுக்கு ஆகாது என்று அத்தை என் தாலியைத் தொடவே இல்லை. மாமனார் போனபிறகு எந்த நல்லதுக்கும் அவர் முன்னால் நிற்பதில்லை, அது உங்களுக்கே தெரியும். வரிசையில் உட்கார்ந்திருந்த திருக்கோவிலூர் அம்மா ஒருவரைக் கூப்பிட்டு, மஞ்சள் கிழங்கு கோர்த்த கயிற்றை முதலில் என் கழுத்தில் கட்டச் சொன்னார். அப்புறம்தான் அந்த அம்மாவை விட்டே தாலியைக் கழற்ற வைத்தார். என் கை கழுத்தை விட்டு வரவில்லை. அத்தை அதட்டினார்: "தாலி இன்னாடி தாலி? எம்புள்ள கட்டுனதுதானே, வந்து இன்னொரு தபா கட்டுவான். நீ பூட்டா உன்ன எங்க போயித் தேடுறது?" அந்த மனுஷி என்னை இவ்வளவு நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மிஷினுக்குள் முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். உங்கள் போர் வண்டி காதுக்குள் ஓடுகிற மாதிரி சத்தம். அசையக் கூடாது என்றார்கள். நடுவில் ஒரு ஊசி போட்டு மறுபடியும் எடுத்தார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளைக்குள் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். நரம்பு மேல் மயலின் என்று ஒரு உறை இருக்கிறதாம், மோட்டார் வயருக்கு மேல் ரப்பர் இருக்கிற மாதிரி. நோயோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பே அந்த உறையை அரித்துவிடுகிறதாம். அரித்த இடத்தில் மூளை அனுப்புகிற சேதி தடுமாறுகிறது. கண்ணும் காலும் நாக்கும் கெட்டது அதனால்தான். ஊசி போட்ட பிறகு எடுத்த படத்தில் பளிச்சென்று தெரிவது புதுசு, மற்றதெல்லாம் பழசு என்று பிரித்துக் காட்டினார். பழசுதான் நிறைய இருந்தது. ஆடியிலேயே எடுத்திருந்தால் இதில் எவ்வளவு வராமல் இருந்திருக்கும் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே விடாம வாம்மா" என்றார்.

போனது திரும்பாது. புதுசு வருவதைக் குறைக்க மருந்து இருக்கிறது, வருஷக் கணக்கில் எடுக்க வேண்டும். வெயிலில் நிற்கக் கூடாது என்று கரும்பு வெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை செய்யலாம், நடக்கலாம், சமைக்கலாம். படுத்த படுக்கையாகிவிடுவேன் என்று அவர் சொல்லவே இல்லை. அதைச் சொன்னது கலையரசி அண்ணி. "ஆயுசுக்கும் படுக்கையில கெடக்கப்போறவள வச்சிக்கினு என் தம்பி இன்னா பண்ணுவான்? அவனுக்கு வயசு கெடக்குது" என்று அத்தையிடம் போனில் சொன்னார். உங்களிடமும் சொல்லிவிட்டாராம். அத்தை போனை வைத்துவிட்டார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

தாலி சாமி படத்துக்கு அடியில் இருக்கிறது. புருஷன் கையால்தான் ஏற வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருக்கிறார். நான் மஞ்சள் கயிற்றோடுதான் திரிகிறேன். குழாயடியில் பெண்கள் என் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துகிறார்கள். அது பெரிய விஷயமில்லை.

பாவம் பார்த்து வர வேண்டாம் மாமா. என்னை வைத்துக்கொள்ள மனசு இருந்தால் வந்து கட்டுங்கள். இல்லையென்றால் அதையும் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அழமாட்டேன் என்று சொல்லமாட்டேன், அழுவேன். ஆனால் உங்களைச் சபிக்கமாட்டேன். எட்ட இருந்துகொண்டு பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

குழாய் இறக்கும்போது அடியில் நிற்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது, எனக்கு வந்ததே போதும்.

இப்படிக்கு என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். அன்பு மனைவி என்று போடத்தான் கை போகிறது, ஆனால் இப்போது போடவில்லை. நீங்கள் வந்த பிறகு அதைப் போட்டுக்கொள்கிறேன்.

ஜெயசுதா