இடது தோளுக்கு இரண்டு பஞ்சு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், முட்டி வலியைத் தவிர புதிதாக எதுவும் இல்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது, ஊசியில் நூல் கோர்க்க அப்பாவைக் கூப்பிட்டால் அவர் தன் கண்ணாடியைத் தேடப் போய்விடுகிறார்.

போன வாரம் போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. குட்டி பழைய ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, தெருவைப் பெருக்கிக்கொண்டு நிற்பது யார் என்று தாத்தாவின் பெல்பாட்டத்தைக் காட்டிக் கேட்டாளாமே. நான் மட்டும் என்ன யோக்கியமா, இரண்டு கையிலும் பூசணிக்காய் அளவுக்குப் பஃப் வைத்துக்கொண்டு வாசலில் பக்கவாட்டில்தான் நுழைவேன். அதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு நீ போட்ட பச்சைக் கோட்டைப் பற்றிப் பேசியபோது உன் குரல் மாறிவிட்டது. தோளில் பஞ்சு வைத்து நான் தைத்த கோட்டு. வகுப்பே உன்னை அலமாரி என்று கூப்பிட்டதும், நீ வீட்டுக்கு வந்து பிளேடால் பஞ்சைப் பிய்த்துக் குப்பையில் போட்டதும் எனக்கு மறக்கவில்லை. ஃபேஷன் பைத்தியம் பிடிச்சு என்னைக் கோமாளி ஆக்கிட்டே என்றாய். அன்றிலிருந்து நான் தைத்த எதையும் நீ தொடவில்லை, ஊருக்கெல்லாம் தைத்தேன், என் மகள் மட்டும் கடையில் வாங்கிப் போட்டாள்.

போனை வைக்கும் நேரத்தில், குட்டிக்கு ஒரு தோள் இறங்கியிருப்பதாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் சொன்னார், நம்ம பக்கம் யாருக்காவது இருக்காம்மா என்று கேட்டாய். யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். உனக்கு இருக்கிறது. உன் எட்டு வயதில் கவுனுக்கு அளவெடுக்கும்போது பார்த்தேன், இடது தோள் ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது. சளிக்கு என்று சொல்லி உன்னை டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன், முதுகெலும்பில் லேசான வளைவு, பயப்பட வேண்டாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். உன்னிடம் சொல்லிவிடலாம் என்று அப்பா எத்தனையோ தடவை சொன்னார், நான்தான் விடவில்லை, கண்ணாடி முன்னால் நின்று நீ அதையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று பயம். மடிப்பு வைத்தும் காலரைத் தூக்கியும் சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் தோளில் பஞ்சு வைக்கும் அந்தக் கண்றாவி ஃபேஷன் வந்தது. அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தது எனக்கு. வலது தோளுக்கு ஒரு பஞ்சு, இடது தோளுக்கு இரண்டு. வித்தியாசம் தெரியக்கூடாதே என்று தாராளமாக வைத்தேன், அதுதான் வினையாகிவிட்டது. நீ பிய்த்துப் போட்டபோது எங்கே எண்ணிவிடுவாயோ என்று குப்பையை உடனே வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன். நீ எண்ணவில்லை. பை எப்போதும் இடது தோளிலிருந்து நழுவுகிறது என்று பையைத் திட்டுவாயே, பையின் மேல் குற்றமில்லை.

மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது மகளே. குட்டியின் டாக்டரிடம் இதை அப்படியே சொல், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதே, நீயும் ஒரு தடவை காட்டிக்கொள். எனக்குத் தையல்தான் தெரியும், அதை வைத்து வைத்தியம் பார்த்தது என் தப்பு.

அதே மாதிரிக் கோட்டு வேண்டும் என்று குட்டி கேட்கிறாளாமே, மறுபடியும் அதுதான் ஃபேஷனாம், என்னத்தைச் சொல்ல. தைத்துத் தருகிறேன், என் கண்ணுக்கு ஒரு மாதமாவது ஆகும். பஞ்சு எத்தனை, வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும். அவள் பார்க்கும்படி இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்து எழுது. அப்படியே மாப்பிள்ளையை விட்டு உன் தோள்களையும் அளந்து அதே தாளில் எழுதி அனுப்பு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். என் மேல் கோபம் வந்தால் அதையும் எழுது. உன் அளவை எழுத மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அன்றே சொல்லியிருக்க வேண்டிய
உன் அம்மா