பெரியப்பா வாசலில் விழுந்த புள்ளி

எலப்புள்ளி
கார்த்திகை 9

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியம், சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறாள், அவளும் சௌக்கியம். அங்கே நீயும் சந்துரு மாப்பிள்ளையும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாரியம்மன் துணை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உங்கப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். கஞ்சிக்கோட்டு ஷிஜு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்பும் பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இதை வைக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் தொழில் விஷயம். நீ இன்டர்நெட்டில் போட்ட பிறகு ஓணம் தொடங்கி இதுவரை பதினொரு குடும்பம் வந்து தங்கிப் போயிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்க வந்தது நாலே பேர், அதிலும் இரண்டு பேர் நம் சொந்தக்காரர்கள். தோட்டத்துச் சாளை வீட்டின் இரண்டு அறைக்கும் இப்போது சனி ஞாயிறில் ஆள் இருக்கிறது, பஞ்சாயத்துக் காகிதமும் புதுப்பித்தாகிவிட்டது. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது கண்ணு. ஆனால் அந்த விளம்பரத்தில் அமைதியான சூழல் என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. இங்கே விடியற்காலை நாலு மணிக்கு மயில்கள் போடுகிற கூச்சலில் ஒரு எர்ணாகுளத்து அம்மாள் எழுந்து உட்கார்ந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டாள். மயில் கத்தும் என்றே எழுது, அதைக் கேட்கவே நாலு பேர் வருவார்கள். பாத்ரூமில் நின்றால் போன் எடுக்காது என்பதையும் எழுதிவிடு, வந்தபின் முகம் சுளிப்பதைவிட முன்னாலேயே தெரிந்து வருவது நல்லது.

இனி அந்தப் புள்ளி விஷயம். மேப்பில் நீ வைத்த சிவப்புப் புள்ளி நம் வாசலில் இல்லாமல் பெரியப்பா வாசலில் விழுந்துவிட்டது என்று ஆவணியில் போனிலேயே உன்னைத் திட்டினேன். உன்மேல் தப்பில்லை, நீ ஸ்கூல் விட்டு வந்து பையை எறிந்த வாசல் அதுதானே, நீ போன பிறகுதானே இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் வந்தது. சாளையை வாடகைக்கு விடப்போகிறோம் என்றதும் பெரியப்பா எல்லோர் முன்னாலும், "காசு வாங்கீட்டுச் சோறு போடற குடும்பமாடா நம்முளுது" என்று கேட்டதும், பார்க்கப் பிடிக்காதவர்கள் சுவர் கட்டிக்கொள்ளட்டும் என்று உங்கப்பா வாயை விட்டதும், ஒரே வாரத்தில் அவர் நிஜமாகவே கட்டிவிட்டதும் உனக்குத் தெரிந்த கதை. இரண்டு வருஷம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை, நானும் உன் பெரியம்மாவும்கூட ரேஷன் கடையில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் போனோம். எனக்கு அதுதான் நெஞ்சில் கல்லாக இருந்தது.

வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் யார் என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டிலும் கிடையாது இல்லையா. முதல் காரில் லிபின் என்ற பையனும் அவன் மனைவியும் வந்து இறங்கியதுமே பெரியம்மா மோர் கொடுத்துவிட்டாள், அப்புறம்தான் நம் வீட்டுக்கு வந்தவர்கள் என்று தெரிந்திருக்கிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? பெரியப்பா வாய்க்கால் மேடு சுற்றி அவர்களைக் கூட்டிவந்து, நம் வேலிக்கு அந்தப்பக்கமே நின்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த கார் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. புரட்டாசியில் பார்க்கிறேன், கேட் தூணுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார், வாசலில் நாலு நாற்காலி போட்டிருக்கிறார், சனிக்கிழமை என்றால் வெளுத்த வேட்டி. வந்தவர்களைப் பனங்காட்டுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை சொல்கிறாராம். லிபின் எழுதிய விமர்சனத்தை நீயும் படித்திருப்பாய். மோரும் மீசைக்காரப் பெரியவரும் எட்டு வரி, நம் அறை சுத்தம் என்று ஒரு வரி. உங்கப்பா கண்ணாடியைப் போட்டு மூன்று தரம் படித்துவிட்டு, நம்ம ரூமுக்கு எழுதச் சொன்னால் அண்ணன் மீசைக்கு எழுதியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அண்ணன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. நான் கேட்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மழையில் கோட்டயத்துக் குடும்பம் ஒன்று அந்த வாசலில் வந்து இறங்கியது. கூடவே முழங்கால் ஆபரேஷன் செய்த வயசான அம்மா ஒருத்தி. வாய்க்கால் மேடு முழுக்கச் சேறு, காரும் போகாது, அவளால் நடக்கவும் முடியாது. கொஞ்ச நேரத்தில் சுவரில் டொம் டொம்மென்று சத்தம். உங்கப்பா சண்டைக்குத் துண்டை உதறிக்கொண்டு போனார், நான் பயந்து பின்னாலேயே ஓடினேன். பெரியப்பா கடப்பாரையால் தன் சுவரைத் தானே இடித்துக்கொண்டிருந்தார், அந்த வயசான அம்மா, பெரியம்மா பிடித்த குடைக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உங்கப்பா மரம் மாதிரி நின்றுவிட்டார். பெரியப்பா நிமிர்ந்தே பார்க்காமல், "சும்மா நிக்காம அந்தக் கல்லப் புடிடா, கால் மேல உளுந்துரும்" என்றார். உங்கப்பா பிடித்தார். மழையில் நனைந்துகொண்டு இரண்டு பேரும் கல் கல்லாக எடுத்து அடுக்கினார்கள். நான் அடுப்படிக்கு வந்து நன்றாக அழுதேன்.

இடித்த இடத்தை இன்னும் அடைக்கவில்லை. ஆடு நுழையாமல் இருக்க உங்கப்பா பனைமட்டையில் படல் கட்டி வைத்திருக்கிறார், அதற்குப் பூட்டு இல்லை. இன்னும் இவர் அங்கே போகவில்லை, அவரும் இங்கே வரவில்லை, மோர்ச்சட்டிதான் போய்வருகிறது. நான் உன்னிடம் சொல்ல வந்தது இதுதான். புள்ளியை மாற்ற நம் வாசலில் நின்று ஆம் என்று அமுக்கச் சொல்லி எனக்கு ஒரு செய்தி அனுப்பினாயே, நான் அமுக்கவில்லை. மறந்து போகவில்லை கண்ணு, வேண்டுமென்றேதான். வீம்புக்கு உங்கப்பா, கார்த்திகை தீபம் முடிந்ததும் கஞ்சிக்கோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து மாற்றிவிடுகிறேன் என்கிறார். அதற்குள் நீ போன் செய்து, மேப்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், யாரும் கையை வைக்கக்கூடாது என்று சொல்லிவிடு. இந்தப் பொய்யின் பாவம் என்னோடு போகட்டும்.

பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழவேண்டும். பொங்கலுக்கு வரும்போது டாக்சிக்காரரிடம் வாய்க்கால் மேட்டு வழியைச் சொல்லாதே, நீயும் அந்தப் புள்ளியைப் போட்டுக்கொண்டே வா. பெரியப்பா நாற்காலி போட்டிருப்பார், முதலில் மோரை வாங்கிக் குடி. படலைத் திறந்து அவர் உன்னைக் கூட்டி வரட்டும்.

இப்படிக்கு, உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா மருதாத்தாள்