சிவலை மந்தையோடு சேர்ந்த செய்தி

அராலி,
தாது வருஷம் ஐப்பசி 14.

அன்பு மகள் செல்வநாயகிக்கு அம்மா எழுதுவது. கீரிமலையான் புண்ணியத்தில் நானும் ஐயாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகப்பிள்ளையும் மலாயாவில் அந்த ஈப்போவில் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நாள்தோறும் கேட்டுக்கொள்கிறேன். ஐயாவின் இருமல் குறைந்துவிட்டது, சுருட்டுத்தான் குறையவில்லை. மழை நேரத்துக்கு வந்ததால் வயல் விதைத்தாயிற்று.

சிவலை எப்படி இருக்கிறாள் என்று மூன்று கடிதங்களில் கேட்டாய். மூன்றுக்கும் நான் மழையைப் பற்றியே பதில் எழுதினேன். சொல்லக்கூடிய செய்தி இல்லாததால் மறைத்தேன், இப்போது சொல்லலாம் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன். அவளுடைய தாய்ப்பசு பாம்பு கடித்துச் செத்தபோது எட்டு நாள் கன்றாக இருந்தவளை நீதானே மடியில் வைத்துப் பனையோலைப் பிளாவில் பால் பருக்கி வளர்த்தாய். அந்த வருஷம் ஊர் மாடுகளுக்கு நோய் வந்தது என்றும், வடிவான கன்றுக்கு நாவூறு படும் என்றும் சொல்லி அவளை வேலிக்கு வெளியே விடாமல் வைத்தவள் நான். இரண்டு வருஷம் அவள் வேறு ஒரு மாட்டின் முகத்தைக் கண்டதில்லை. நான் சமைக்கிற குசினி வாசலில் வந்து நின்று நெற்றியைச் சொறியச் சொல்லி எங்களை முட்டுவாள், அதைப் பெரிய கெட்டித்தனம் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டோம்.

நீ கப்பலேறிய பிறகு, சித்திரையில், அவளைத் தில்லைநாதனின் மாடுகளோடு தரவையில் மேயவிட்டோம். தில்லைநாதனை உனக்குத் தெரியும், மேற்கு ஒழுங்கையில் இருப்பவர், இருபது மாடு வைத்து மேய்ப்பவர். முதல் நாளே இவள் நேரே போய் மந்தைக்கு முன்னே நடக்கிற பெரிய பசுவின் முகத்தில் நெற்றியை வைத்துத் தள்ளினாளாம், எங்களிடம் சொறியச் சொல்லித் தள்ளுவது போல. அது தலையைச் சரித்து எச்சரித்தது இவளுக்கு விளங்கவில்லை, விலகவும் தெரியவில்லை. விலாவில் கொம்புக் காயத்தோடு ஓடி வந்து குசினி வாசலில் நின்றாள். பிறகு எத்தனை தரம் விட்டாலும் இதே கதைதான். போகப்போகப் பயத்தில் ஒழுங்கையில் வருகிற ஆட்களையும் முட்டத் தொடங்கினாள். ஆடியில் பக்கத்து வீட்டு இரத்தினம்மா தண்ணீர்க் குடத்தோடு வரும்போது தள்ளி விழுத்தி, அவளுக்குக் கை முறிந்துபோயிற்று. அன்றைக்கு ஐயா, "உந்த மாட்டை இனி வைச்சிருக்கேலாது, வெள்ளிக்கிழமை யாவாரி வாறான்" என்று சொல்லிவிட்டார். இறைச்சிக்குத்தான் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கு என்ன எழுதுவேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை தில்லைநாதன் தானாகவே வந்து வேலிப் படலையடியில் நின்று ஐயாவோடு கதைத்தார். "உது பொல்லாத மாடில்லை. மாடுகளோடை எப்பிடிப் பழகிறதெண்டு உதுக்கு ஒருத்தரும் காட்டேல்லை. உங்களோடை வளர்ந்து தன்னையும் ஒரு ஆளெண்டு நினைச்சுக்கொண்டு நிக்குது. என்ரை கிழட்டுப் பசுவோடை ஒரு மாசம் விட்டுப் பாப்பம்" என்றார். ஐயா முறுமுறுத்தபடிதான் ஓம் என்றார். கொம்பு ஒடிந்த ஒரு கிழட்டுப் பசுவைத் தில்லைநாதன் தன் வளவில் இவளுக்குப் பக்கத்தில் கட்டினார். என்னை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று மறித்துவிட்டார், நான் போய்ச் சொறிந்தால் எல்லாம் வீண் என்றார். ஒழுங்கையில் என் குரல் கேட்டால் அவள் கத்துவாள், நான் வாயைப் பொத்திக்கொண்டு நடப்பேன். அந்தக் கிழட்டுப் பசு முட்டிக் காயப்படுத்தாமல் கழுத்தால் தள்ளித் தள்ளியே விலகக் காட்டியிருக்கிறது. பன்னிரண்டாம் நாள் இவள் தானாக ஓரடி பின்வாங்கினாளாம். பிறகொரு நாள் கிழவி கழுத்தை நக்கிக் கொடுக்க இவளும் திருப்பி நக்கினாளாம்.

மாசம் முடிய அவளைத் திரும்ப மந்தையோடு விட்டார். நேற்று நானே தரவைக்குப் போய்ப் பார்த்தேன். மந்தைக்கு நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறாள். பெரிய பசு திரும்பினால் எழுந்து வழி விடுகிறாள். நான் கூப்பிட்டேன், தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மற்ற மாடுகளோடு போய்விட்டாள். நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. வீட்டுக்கு வந்து அழுதேன், மாடு என்னை மறந்தது சரிதான் என்று ஐயா பகிடி பண்ணினார். யாவாரியின் பேச்சை இப்போது அவரும் எடுப்பதில்லை.

மகளே, இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ பெரியபிள்ளையான நாள் முதல் கிணற்றடிக்கும் தனியே விடாமல் உன்னை வேலிக்குள் வைத்ததும் நான்தான். பூரணத்தின் மகள் வீட்டில் இருப்பதே தெரியாது என்று ஊர் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்தேன். பிறகு ஒருநாள் முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் உன்னைக் கப்பலேற்றி அனுப்பினேன். யாராவது கதைத்தால் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன் என்று நீ எழுதியபோது, பொறுத்துக்கொள் என்று உன்னையே ஏசினேன். பிழை உன்னுடையது அல்ல, என்னுடையது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன கிழமை வந்த உன் கடிதத்தில், பக்கத்துக் குவாட்டர்ஸ் மலையாளப் பெண் புட்டு அவிக்கப் பானை கேட்டு வந்ததாகவும், இருவரும் பொழுதுபடும்வரை கதைத்துச் சிரித்ததாகவும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியை ஐயாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்.

எண்ணெய் தேய்த்து முழுகு, மழையில் நனையாதே, மருமகப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். நீங்கள் இருவரும் பல்லாண்டு நிறைவாக வாழவேண்டும். அந்தப் பெண்ணின் பெயரை எழுத மறந்துவிட்டாய், அதைக் கட்டாயம் எழுது. விளக்கு வைக்கும்போது உன் பெயரோடு அவளுடைய பெயரையும் சொல்லிக் கும்பிட வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
சீ. பூரணம்