கோர்சோ வேஷம் கட்டியவன்

பார்மா
9 ஜனவரி 1957

அன்புள்ள கிளேலியா,

நீயும் உன் பியானோவும் உன் முழங்கால் வலியும் திரியெஸ்தேயில் சண்டையில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு ஞாயிறாக உன் வீட்டுக்குக் கீழே காபிக்கடையில் போய் உட்கார்ந்து என் போனுக்காகக் காத்திருந்திருப்பாய். கோபித்துக்கொள்ளாதே. இந்த ஊர்ப் பனிமூட்டத்தில் எதிர்வீட்டுச் சுவரே தெரிவதில்லை. தபாலாபீஸ் வரை நடந்து போய்ப் பேசிவிட்டு வந்தால் தொண்டை கட்டிக்கொள்கிறது. அதனால்தான் கடிதம். கொஞ்ச நாள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

செய்தி இதுதான். கம்பெனி முதலாளி கந்தோல்ஃபி எனக்குக் கோர்சோ வேஷத்தைக் கொடுத்துவிட்டார்! ‘ரவென்னாவின் விதவை’ ஓபரா இந்த மாதக் கடைசியில் மேடை ஏறுகிறது. அண்ணனைக் கொன்றுவிட்டு அண்ணி வாசலில் பூங்கொத்தோடு போய் நிற்பானே, அதே கோர்சோ. இத்தனை வருஷமாக நான் மேடையில் யார்? காதலனுக்காகத் தூது போகிற நண்பன், ஊர்வம்பு பேசுகிற நாவிதன், கல்யாண வீட்டில் ஒயின் ஊற்றிக் கொடுக்கிற சித்தப்பா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது கந்தோல்ஃபி சிரித்தார். “இந்தத் தோளையும் இந்தக் கண்ணையும் வச்சுக்கிட்டு நாவிதன் அங்கியப் போட்டுக்கிட்டுத் திரியறியே, வெக்கமா இல்ல? கனத்த குரல்ல பாடற பாரிடோன்னா பொம்பளைங்க பயப்படணும்யா. பயந்துகிட்டே வச்ச கண்ணு வாங்காமப் பாக்கணும்.”

ஊர் முழுக்க என் படம் ஒட்டியிருக்கிறது. கறுப்பு பூட்ஸ், கறுப்பு மேலங்கி. பாலாடைக்கட்டி வாங்கப் போனால் கடைக்காரி கல்லாவை மறந்துவிட்டுப் பார்க்கிறாள். உச்சக் குரலில் காதலனாகப் பாடுகிற டெனர் பையன் என் தோள் உயரம்தான் இருக்கிறான். இருந்தும் கடைசியில் பெண் அவனுக்கு, சாவு எனக்கு. நம் தொழிலில் அதை யாராலும் மாற்ற முடியாது.

பார்மா முடிந்ததும் ஈஸ்டருக்கு அங்கே வருகிறேன். திரும்பவும் சேர்ந்து இருந்து பார்க்கலாம் என்று இலையுதிர்காலத்தில் பேசினோமே, அதை நான் மறக்கவில்லை. பிரிந்து இருந்தது போதும்.

உன்
ஃபுல்வியோ


திரியெஸ்தே
14 ஜனவரி 1957

அன்புள்ள ஃபுல்வியோ,

உன் கையெழுத்து எப்போதும் கோழி கிளறினதுபோல் இருக்கும். பொய் எழுதும்போது மட்டும் முத்து முத்தாக வந்துவிடும். அந்தப் பனிமூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம். நீ தங்கியிருக்கிற பீச்சே அம்மாள் வீட்டுக் கூடத்திலேயே போன் இருக்கிறது. போன குளிர்காலத்தில் அதில்தான் மணிக்கணக்காகப் பேசினாய். அந்த அம்மாள் நடுநடுவே வந்து “பில்லு யாரு கட்றது?” என்று சத்தம் போட்டது எனக்கு இங்கே கேட்டது.

ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பொலோன்யாவில் நீ பாடியதை ரேடியோவில் கேட்டேன். இரண்டாம் அங்கத்தில் ஒரே மூச்சில் போக வேண்டிய இடத்தில் நடுவில் மூச்சு வாங்கினாய். மேலே ஏறும்போது குரலின் ஓரத்தில் மணல் உரசியது. கேட்ட வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த இடத்தை உனக்கு வாசித்து வாசித்துப் பழக்கியவள் நான். எனக்குத் தெரியாமல் போகுமா?

கோர்சோ உனக்கான வேஷம் இல்லை, ஃபுல்வியோ. உன் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். நாவிதனாக நீ பாடும்போது ஜனங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அது சின்ன விஷயமா? மூன்றாம் அங்கத்துச் சாபப் பாட்டு, மாட்டுக் கழுத்தும் இடி முழக்கமும் உள்ளவனுக்காக எழுதியது. மொத்த வாத்தியங்களும் ஒன்றாக அலறும்போது அவற்றுக்கு மேலே நீ கேட்க வேண்டும். கந்தோல்ஃபி உன் முகத்தைப் பார்த்து வேஷம் கொடுக்கிறார். பாடப்போவது முகம் இல்லை. அழகான பாரிடோன்கள் எல்லாரும் இப்படித்தான் கெட்டார்கள். கண்ணாடி சொல்வதைக் கேட்டுக் கொலைகார வேஷம் கட்டினார்கள், தொண்டையைத் தொலைத்தார்கள்.

இந்த ஞாயிறு போன் செய். காலை வணக்கம் சொல், போதும்.

கவலையோடு,
கிளேலியா


பார்மா
21 ஜனவரி 1957

கிளேலியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட இருந்தேன். அழகான பாரிடோன்கள் எல்லாரும் கெட்டார்களாம்! என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் முகம் உனக்குப் பிடிக்காது. மேடைக்குப் பின்வாசலில் இரண்டு பெண்கள் நின்றால் அன்றைக்கு வீட்டில் சூப்பில் உப்பு இருக்காது. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகப் பெரிய வேஷம் வந்திருக்கிறது, அதையும் நான் விட்டுவிட வேண்டும், இல்லையா? பொறாமை என்பதற்கு இதைவிட நல்ல பெயர் இருந்தால் எழுது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் வந்தேன். சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பீச்சே அம்மாள் வீட்டுப் போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். காலையில் எழுந்தால் வெகுநேரம் எனக்குக் குரலே வருவதில்லை, காற்றுதான் வருகிறது. இங்கே ஒரு டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். “குரல் நாண்ல ஒரு ரத்தக் குழாய் வீங்கிக் கெடக்கு. ஒரு மாசத்துக்கு வாயத் தொறக்காதீங்க. பாட்டும் வேணாம், பேச்சும் வேணாம்” என்றார். ஆட்டம் முடிந்தபிறகு ஒரு மாதம் என்ன, ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருக்கிறேன் என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

விலகவும் முடியாது. இந்த ஊர் மேல்மாடிக் கேலரியை உனக்குத் தெரியும். அங்கே உட்காருகிறவர்களுக்குப் பயந்து பெரிய பெரிய ஆட்களே காய்ச்சல் என்று படுத்திருக்கிறார்கள். பன்றித்தொடைக் கடை உல்திமோதான் அவர்களுக்குத் தலைவன். நேற்றுச் சந்தையில் என்னை மடக்கினான். “பாரிடோன் ஸார், உங்க காலு நல்லாருக்கு, பூட்ஸு அதவிட நல்லாருக்கு. ஆனா நாங்க உக்காந்திருக்கிற எடத்துலேருந்து காலு தெரியாது பாருங்க. எங்களுக்குக் காதுதான். மூணாவது அங்கத்துல வழுக்கினீங்கன்னு வச்சுக்குங்க, ஸ்டேஷன்ல உங்க பெட்டியத் தூக்க ஒரு கூலி வர மாட்டான். மேஸ்திரி என் மச்சான்தான்.” சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ மட்டும் வராதே. அரங்கத்தில் எங்கோ நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் என்னால் வாயைத் திறக்க முடியாது.

ஃபுல்வியோ


திரியெஸ்தே
24 ஜனவரி 1957

ஃபுல்வியோ,

உன் கடிதம் வந்ததும் பாடம் கேட்க வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு இங்கே தொண்டை டாக்டரிடம் ஓடினேன். நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். “அந்த ஆளு பாடினா அது வெடிக்கும்மா. ஒரு தடவை கசிஞ்சா ஆறிடும். அதுக்கு மேல மேல பாடினாருன்னா பாட்டு மட்டுமில்ல, பேச்சே போயிடும். உங்களக் கூப்பிடக்கூட முடியாது” என்றார்.

ஆமாம், நான் பொறாமைக்காரி. எனக்கு உன் பூட்ஸ் வேண்டாம், சுவரில் ஒட்டின படம் வேண்டாம், கோர்சோ வேண்டவே வேண்டாம். காலையில் காபி பொங்கி வழிந்தால் சமையலறையிலிருந்து என்னைத் திட்டுவாயே, அந்தக் குரல் எனக்கு வேண்டும். நாலு வருஷமாக இந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. உன் கோபம் இல்லாமல் எனக்கு வாழத் தெரியவில்லை.

அங்கே உன்னைப் பார்த்த டாக்டரிடம் எழுதி வாங்கிக் கந்தோல்ஃபியிடம் கொடு. மாற்று ஆள் பாடட்டும். கேலரிக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். உன் பெட்டியை நானே தூக்குகிறேன்.

உன்
கிளேலியா


பார்மா
31 ஜனவரி 1957

என் கிளேலியா,

பாடிவிட்டேன். நேற்றுத்தான் முதல் ஆட்டம். என்ன நடந்தது என்பதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

இரண்டு அங்கம் எப்படியோ போயிற்று. பாதிக் குரலில், தோளாலும் கண்ணாலும் ஒப்பேற்றினேன். மூன்றாம் அங்கம். அண்ணி கொடுத்த ஒயினில் விஷம் இருக்கிறது என்று கோர்சோவுக்குத் தெரிந்துவிடுகிறது. சாபத்தைத் தொடங்கினேன். உச்சிக்கு ஏறினேன், கிளேலியா. அங்கே உள்ளே ஏதோ கிழிந்தது. ஸ்வரம் இரண்டாகப் பிளந்து, அடியிலிருந்து மிருகம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாயில் இரும்பின் ருசி. அதற்குப் பிறகு அமைதி. சரி, விசிலடிக்கப் போகிறார்கள், செத்தேன் என்று நின்றேன்.

கூரை இடிந்ததுபோல் ஒரு கூச்சல். “பிஸ்! பிஸ்!” திரும்பப் பாடு, திரும்பப் பாடு என்று மேல்மாடி முழுக்கக் கத்துகிறது. நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்! விஷம் குடித்தவனின் தொண்டை அப்படித்தான் கிழியும், இதற்குமுன் யாருக்கும் தோன்றாத நுட்பம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு ஸ்வரம் முடி அளவு இறங்கினாலும் கண்டுபிடிக்கிற அந்தக் காதுகள்! கீழே வாத்தியக் குழுவின் தலைவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று கேட்காதே. முதலிலிருந்து பாடினேன். அதே இடத்தில் மறுபடியும் கிழிந்தது.

ஆட்டம் முடிந்ததும் உல்திமோ ஒரு முழுப் பன்றித்தொடையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். “நான் நாப்பது வருசமா கேக்கறேன் ஸார். மனுசன் சாகற சத்தத்த இன்னிக்குத்தான் கேட்டேன்.” கந்தோல்ஃபி என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். “அதே கிழிசல். அதே எடத்துல. ஒவ்வொரு நாளும் எனக்கு அது வேணும். மிலான் பெரிய அரங்கத்துலேருந்து உன்னக் கேக்க ஆளு வராங்க.”

அதை நான் செய்யவில்லை என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? அடுத்த ஆட்டத்தில் அது வராவிட்டால் விசில். வந்தாலோ, உன் டாக்டர் சொன்னது. நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, பீச்சே அம்மாளிடம்கூடச் சீட்டுத்தான். பயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சல் காதைவிட்டுப் போகவில்லை. என் வாழ்நாளில் எனக்காக யாரும் அப்படிக் கத்தியதில்லை. இரண்டாவது ஆட்டம் ஐந்தாம் தேதி. பாடட்டுமா, வேண்டாமா? நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன், சத்தியம்.

உன்
ஃபுல்வியோ


திரியெஸ்தே
2 பிப்ரவரி 1957

ஃபுல்வியோ,

பாடாதே. முதலில் இதைப் படித்துக்கொள். பாடாதே. இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள், ஆனால் பாடாதே.

நீ வராதே என்றாய், நான் வந்தேன். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மேல்மாடியில் உல்திமோவுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஆனால் ஓடிவந்து உன்னைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். அந்த உச்சியில் உன் குரல் கிழிந்தபோது அது நடிப்பில்லை என்று அறிந்தவள் அந்த அரங்கத்தில் நான் ஒருத்திதான். ரத்தம் கசிகிற சத்தம் அது என்று எனக்குத் தெரியும். உன் தொண்டைக்குள் எந்த இடம் என்றுகூடத் தெரியும்.

நான் எழுந்தேன். நிறுத்துங்கள் என்று கத்துவதற்காக எழுந்தேன் என்று எழுத ஆசைதான். அது பொய். “பிஸ்” என்று கத்தினேன், ஃபுல்வியோ. கை வலிக்க வலிக்கத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த கிழவரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினேன். முதலில் கத்தியது உல்திமோவா நானா என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது அது. அந்தக் கொலைகாரன் இன்னொரு தடவை அப்படிச் சாக வேண்டும் என்று இருந்தது எனக்கு. நீ தலையசைத்துவிட்டு மறுபடியும் தொடங்கினாயே, அப்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே பாடலாமா என்று என் காதிடம் கேட்காதே. அதுவும் கேலரிக்காரர்களின் காதுதான் என்று தெரிந்துபோயிற்று. டாக்டர் சொல்வதைக் கேள். என்னால் இப்போது அங்கே வர முடியாது. வந்தால் திரும்பவும் மேல்மாடியில் போய் உட்கார்ந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. நீ இங்கே வா. ஒப்பந்தம், பெட்டி, பூட்ஸ் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முதல் ரயிலில் வா.

கிளேலியா


பார்மா
5 பிப்ரவரி 1957

என் கிளேலியா,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. டாக்டர் சொன்னது, ரயிலில் வரச் சொன்னது எல்லாவற்றையும் படித்தேன். நீ சொல்வது சரி. நீ சொல்கிறபடி செய்வேன் என்று சத்தியம் செய்ததும் நினைவிருக்கிறது. ஆனால் கண் அந்த ஒரு வரிக்கே திரும்பத் திரும்பப் போகிறது.

நீயா எழுந்து நின்றாய்? நீயா கத்தினாய்?

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நீ எனக்குக் கைதட்டி நான் பார்த்ததே இல்லை. ஆட்டம் முடிந்து வந்தால் “பரவாயில்ல, அந்த ரெண்டு எடத்த நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பாய். நாவிதனுக்கும் அதுதான், நண்பனுக்கும் அதுதான். ஊரே பாராட்டின நாளில்கூட உன் முகத்தைப் பார்த்து அந்த இரண்டு இடம் எது என்று தேடிக்கொண்டிருப்பேன். பின்வாசலில் நின்ற பெண்களிடம் நான் போனதெல்லாம் எதற்கு என்று உனக்குப் புரிந்ததா?

மேக்கப் போடுகிறவர் வந்துவிட்டார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு ராஜா மாதிரி இருக்கீங்க” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். ஏழரைக்குத் திரை ஏறுகிறது. பிஸ் கேட்டால் இன்றைக்கும் பாடுவேன்.

ஈஸ்டருக்கு வருகிறேன். எனக்குப் பேச்சு வராமல் போனால் நீ பேசு.

உன்
ஃபுல்வியோ