கட்டு மாற்றுவதற்கு முந்தின சாயங்காலம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் மாப்பிள்ளையும் நலம், மாவுக்கட்டில் பொதிந்திருப்பதால் நாம் பார்சல் என்று கூப்பிடும் உன் மகளும் நலம். இந்த மூன்றாவது நலத்தை மட்டும் இன்று காலை டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்துவிட்டே எழுதுகிறேன். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, பாலத்து வேலையில் தலைக்கவசத்தைக் கழற்றாமல், உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்ததும் நீ "சரிப்பா" என்கிறாய், நானும் அதோடு சரி என்று போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். உன் அம்மா இருந்திருந்தால் ஒரே வரியில் சொல்லி முடித்திருப்பாள். எனக்கு நாலு பக்கம் வேண்டியிருக்கிறது.

முதலில் அவள் முதுகு வளைவுக்குப் போட்ட கட்டைப் பற்றி. நீ சொல்லிவிட்டுப் போன எதையும் நாங்கள் மாற்றவில்லை. காலையில் அவள் எழுந்ததும் மல்லாக்கப் படுக்கவைத்து அக்குள் ஓரம், இடுப்பு ஓரம், வயிற்றுக்கு நேரே வெட்டி விட்டிருக்கும் ஜன்னல் என்று வரிசையாகப் பார்க்கிறேன், தோல் சிவந்திருக்கிறதா, ஓரத்து டேப் பிரிந்திருக்கிறதா என்று. மருந்துக் கம்பெனியில் காலமெல்லாம் லேபிள் சரிபார்த்தவனுக்கு ஒரு தடவை பார்த்ததை நம்பிப் பழக்கமில்லை, அதனால் கடைசியிலிருந்து திரும்பவும் முதலுக்கு வருவேன், அதற்குள் அவளுக்குப் பொறுமை போய் என் வழுக்கையில் ஒன்று வைப்பாள். வயிறு இறுக்கமாக இருப்பதால் ஒரே மூச்சில் சாப்பிட மாட்டேன் என்கிறாள், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்கிறோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது சமையல் மேடையில். கட்டைப் பிளாஸ்டிக்கால் சுற்றி, கழுத்தில் துண்டு வைத்து, தலை மட்டும் பாத்திரத் தொட்டிக்கு மேலே வரும்படி மாப்பிள்ளை பிடித்துக்கொள்வார், நான் குவளையால் ஊற்றுவேன். "மாமா, தப்பா நினைக்காதீங்க, இன்னும் கொஞ்சம் பின்னால ஊத்துங்க" என்பார், "மாப்பிள்ளை, சிரமம் பார்க்காம கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்பேன், நாங்கள் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்து முடிப்பதற்குள் ஷாம்பூ காய்ந்துவிடுகிறது.

இன்னொன்று, போன மாதச் சளிக்குப் பிறகு என் மூக்கை நம்ப முடியவில்லை. கட்டுக்குள் ஏதாவது புண் வந்தால் முதலில் வாடையில்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்க விடிந்ததும் கிளம்பிவிடுகிறார், கிரீஸ் வாடையோடு வருகிறவருக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. ஆகவே கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவளைக் கேட்டுக்கொண்டேன். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஒருவரிடம் போய்க் குழந்தையை மோந்து பாருங்கள் என்று எப்படிச் சொல்வது. அவள் சிரித்துவிட்டு, கடை திறக்கும் முன் தினமும் மாடி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். போன வாரம் ஒருநாள், "ஐயா, புண் வாடையெல்லாம் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. ஆனா உங்க பேத்தி உள்ள பிஸ்கட் கடை வச்சிருக்கா" என்றாள். கவிழ்த்துப் போட்டு ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து முதுகுப்பக்கமாக ஊதினேன், ஜன்னல் வழியாக அரை பிஸ்கட் வந்து விழுந்தது. பார்சல் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், தடுக்க முடியவில்லை. இப்போது சாப்பிடும்போது கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டாமல் எதுவும் கொடுப்பதில்லை.

நடமாட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஓடுகிறாள், நாற்காலியில் ஏறுகிறாள், ஏறின நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் பின்னாலேயே தலையணையோடு போய்க்கொண்டிருந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பார்த்துவிட்டார். "ஐயா, கட்டு அவளுக்குத்தான் போட்டிருக்கு, உங்களுக்கு இல்ல, நீங்க தாராளமா கைய வீசி நடக்கலாம்" என்றார். மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், சிரித்திருப்பார். தன் கட்டின் மேல் தட்டினால் டம் என்று வருகிறது அல்லவா, எல்லார் வயிற்றிலும் வருகிறதா என்று பார்சல் தட்டிப் பார்க்கிறாள். டாக்டர் வயிற்றிலும் தட்டிவிட்டு, "உங்களுக்கு வரல, பாவம்" என்றாள். முதுகெலும்பு வளைவு குறைந்துகொண்டு வருகிறது என்று அவர் எக்ஸ்ரே படத்தில் கோடு போட்டுக் காட்டினார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, ஆனால் அவர் சொன்ன பிறகு பார்த்ததால் என் கண்ணை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ மாப்பிள்ளையிடம் பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "வீடியோல என்னப் பார்த்தாலே போன மூடிடறா. வாரத்துக்கு ஒரு தடவை பேசினா போதும், அவளப் படுத்த வேணாம். எனக்கு இருக்கிறதே ஒரு லீவு, கடைசிக் கட்டு பிரிக்கிற அன்னிக்கு வந்து முழுசா தூக்கிக்கறேன்" என்றாய். குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாப்பிள்ளை, வெட்கப்படுகிறாள், வேறொன்றுமில்லை என்று சமாதானம் சொன்னார். அவர் போனுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர், உன் குரல்தான் அவருக்குக் கேட்கும், குழந்தை முகம் தெரியாது. நான் பக்கவாட்டு நாற்காலியில் இருக்கிறேன், எனக்குத் தெரிகிறது.

அவள் போனை மூடவில்லையம்மா. கட்டு போட்டதிலிருந்து அவளைக் கட்டிக்கொள்ள யாராலும் முடிவதில்லை. தூக்கினால் பலகையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சில் இடிக்கிறது, அவளாலும் குனிந்து நம் மேல் சாய முடியவில்லை, மேல்விளிம்பு அவள் மோவாயில் குத்துகிறது. எல்லாரும் கட்டின் மேல் செல்லமாகத் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம், நான் உள்பட. அதற்கு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். தையல்காரப் பெண் ஒருநாள் "அத்தையக் கட்டிக்கோ" என்று கையை விரித்தபோது, பார்சல் கிட்டே போய் அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்னிடமும் அப்படித்தான் செய்கிறாள், தூங்கப் போகும்போது மாப்பிள்ளையிடமும். தற்செயலாக இருக்குமோ என்று பல நாள் கவனித்தேன், இல்லை. உன் முகம் திரையில் வந்து, "அம்மாவக் கட்டிக்கோ" என்று நீ சொன்னதும் அதையேதான் செய்கிறாள். அங்கே உனக்கு இருட்டாகத் தெரிவது அவளுடைய நெற்றி.

போன தடவை கட்டு மாற்றியபோது நடந்ததையும் சொல்கிறேன், போனில் நன்றாக முடிந்தது என்று மட்டும் சொல்லியிருந்தேன். முந்தின சாயங்காலமே பழைய கட்டை அறுத்து எடுத்து, வீட்டில் குளிப்பாட்டிவிட்டு மறுநாள் காலையில் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள். மெஷின் சத்தத்துக்கு ஒரே அழுகை. கட்டு பிரிந்ததும் அழுகை நின்றுவிட்டது, தன் விலாவைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள், யாருடையதோ என்பது மாதிரி. உடம்பு அவளுக்கு நிற்கவில்லை, உட்காரவைத்தால் சரிகிறாள். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை, "மாமா, நீங்க தூக்குங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றார். அந்தரத்தில் தொங்கி வேலை செய்கிறவர் என்னைப் போன்ற ஒருவனிடம் அப்படிச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன், உரிந்த தோலெல்லாம் மெல்ல மெல்லத் தண்ணீரில் வந்தது. துவட்டித் தூக்கியதும் வழக்கம்போல நெற்றியைத்தான் நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள், பிறகு என்ன தோன்றியதோ, இரண்டு கையும் என் கழுத்துக்குப் பின்னால் போயின, உடம்பு முழுவதும் என் மேல் ஒட்டிக்கொண்டது. அவள் மூச்சு விடுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அப்படியே தூங்கிப்போனாள், நான் அசையவில்லை. மறுநாள் புதுக்கட்டு போட்டாகிவிட்டது, அன்று முதல் மறுபடியும் நெற்றிதான். உனக்குச் சேர வேண்டியதை நான் வாங்கி வைத்துக்கொண்டதாக ஒரு உறுத்தல் அன்றிலிருந்து இருக்கிறது.

அதனால் கேட்கிறேன், நான் யோசித்தது தவறாகவும் இருக்கலாம், லீவைக் கடைசிக் கட்டுக்கு வைத்துக்கொள்ளாதே. எது கடைசிக் கட்டு என்று டாக்டரிடமே கேட்டேன், "வளர்ற வேகத்தப் பொறுத்தது ஐயா, இப்போ என்ன சொன்னாலும் பொய்யாகிடும்" என்றார். அப்படியே அந்த நாள் வந்துவிட்டாலும், அதற்குப் பிறகு அவளை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். நடுவில் கட்டு இல்லாமல் கிடைக்கிற இந்த ஒரு சாயங்காலம்தான் போனால் போனது. அடுத்த மாதக் கடைசியில் இந்தக் கட்டு மாற்ற வேண்டும், அதற்கு வா. வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை, லீவு முடிந்ததும் போய்விடு. வந்துவிட்டுப் போனால் குழந்தை ஏங்கிப்போகுமே மாமா என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், ஏங்கத்தான் செய்வாள். ஏங்கினால் ஏங்கட்டும் மாப்பிள்ளை, இப்போது மட்டும் ஏங்காமலா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் இவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை, பேசிய பிறகு எனக்கே வியர்த்துவிட்டது. அவரோ மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றும் தேதியை உறுதி செய்துகொண்டு வந்திருக்கிறார், உனக்கு அவரே சொல்லுவார். லீவு கேட்க அங்கே என்ன முறையோ அதை நாளைக்கே ஆரம்பித்துவிடு.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனதோடும் இருக்க வேண்டும், உன் கையால் கட்டுகிற பாலம் உறுதியாக நிற்க வேண்டும். ஒன்றே ஒன்று, கிளம்புவதற்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வா. கட்டுக்குள் இருந்த தோல் மிகவும் மெல்லியதாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா