தாமதமாக உயர்ந்த கை

நேமம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மகள் ஜினிக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் பிஜுவும் இங்கே சுகம், பிரிஸ்பேனில் நீயும் உடம்பாலும் மனதாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று மூன்று வேளையும் ஜெபிக்கிறோம். உடம்பு சுகம் என்று நீ அம்மாவுக்கு அனுப்பும் ஒற்றை வரியிலிருந்து தெரிகிறது. மனதைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்பது நாளாக நீ என்னோடு பேசவில்லை. குறை சொல்லவில்லை மக்களே, பேசாமலிருக்க உனக்குக் காரணம் இருக்கிறது. போனில் பேசினால் என் குரல் தானாக ஏறிவிடும், அது உனக்கும் தெரியும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பிஜு இதைப் படம் பிடித்து மத்தியானத்துக்குள் உனக்கு அனுப்பிவிடுவான். வியாழக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு, பாதியில் கோபித்துக்கொண்டு வைத்துவிடாதே.

வீட்டுக் காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் படி ஏறாதே என்றதும் அவளுக்கு மாடியில் ஆயிரம் வேலை ஞாபகம் வருகிறது. பிஜுவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், பெரிய கப்பல் ஒன்று வந்திருக்கிறதாம், வீட்டுக்கு வந்தால் அந்தக் கப்பலைப் பற்றித்தான் பேச்சு. மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை. உன் கூடப் படித்த மாளவிகாவின் அம்மா, நம் கரமனை பாகீரதி மாமி, சனிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையாருக்கு உன் பேரில் பதினொரு தேங்காய் உடைத்தாராம். நான் சும்மா இருக்காமல், பிள்ளை அடித்து ஆட வேண்டும் என்று வேண்டினீர்களா, நின்று ஆட வேண்டும் என்று வேண்டினீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் நேக்கு என்ன தெரியும், கொழந்தை பயப்படாம இருக்கணும்னு வேண்டிண்டேன் என்றார். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா இப்போதெல்லாம் என் முன்னால் சிரிப்பதே இல்லை. நான் உனக்கு அந்தக் குரல் செய்தி அனுப்பிய நாளிலிருந்து சோறு வைக்கட்டா, மருந்து தின்னாச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு தடவை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள், பிள்ள தோத்துட்டு நிக்க நேரத்துல ஒரு வாக்கு ஆறுதலாட்டு சொல்ல முடியல்லன்னா வாய மூடிட்டு இருந்திருக்கப்படாதா என்று. அன்று இங்கே பகல் பன்னிரண்டரை மணி. டிவியில் உன் ஆட்டத்தின் கடைசி நாள். பதினான்கு ஓவர் நின்றால் டிரா, கையில் நாலு விக்கெட், நீ முப்பத்தெட்டில் நன்றாகக் கால் ஊன்றி நிற்கிறாய். அந்த ஆஃப் ஸ்பின்னரை இறங்கி வந்து ஒரு நாலு அடித்தாய், நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், போதும் மக்களே போதும் என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்த பந்துக்கும் இறங்கினாய், லாங் ஆனில் கேட்ச். அதற்குப் பிறகு ஐந்து ஓவரில் எல்லாம் முடிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, போனை எடுத்து உனக்குப் பேசி அனுப்பினேன். உன் ஒருத்தியின் அவசரத்தால் பத்துப் பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள், இது டெஸ்ட் ஆடுகிறவளின் புத்தி இல்லை என்றேன். இதை மறுபடி எழுதும்போது கை கூசுகிறது. நீ அதைக் கேட்டுவிட்டாய் என்பதற்கு நீல அடையாளம் உடனே விழுந்தது.

ஒரு வாரம் நான் நியாயமாகத்தான் பேசினேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கோச் பயமில்லாமல் ஆடுங்கள் பயமில்லாமல் ஆடுங்கள் என்கிறார், இருபது ஓவர் ஆட்டத்துக்கு அது சரி, நாலு நாள், ஐந்து நாள் ஆட்டத்தில் பயமும் ஒரு பாதுகாப்புத்தானே என்று பிஜுவோடு மல்லுக்கு நின்றேன். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவன் போனை என் முன்னால் நீட்டினான். உங்கள் பயிற்சி ஆட்டத்தின் ஸ்கோர். நீ எழுபத்து நாலு பந்தில் ஒன்பது ஓட்டம். அதற்குப் பிறகு நேராக வந்த ஒரு பந்தைத் தொடாமல் விட்டு, ஸ்டம்ப் போய்விட்டது. ஜினி, அது உன் ஆட்டமே இல்லை. அந்த எழுபத்து நாலு பந்தும் நீ ஆடவில்லை, என் குரல் செய்தி ஆடியது. வியாழக்கிழமை தொடங்கும் ஆட்டத்தை வைத்துத்தான் டெஸ்ட் அணிக்கு ஆள் எடுப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பதினைந்து வருஷம் நீ பாடுபட்டதை நான் ஒரு நிமிஷப் பேச்சில் கெடுத்துவிட்டேனோ என்ற பயம் அன்றைக்கு வந்தது, இதை எழுதும் இந்த நிமிஷம் வரை போகவில்லை.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், ஸ்கோர் எழுதுவது. வாட்டர் அதாரிட்டியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன் என்றாலும், சனி ஞாயிறு மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்ததுதான் எனக்கு வேலையாகத் தோன்றியது. அதனால் அலமாரியைத் திறந்து பழைய ஸ்கோர் புத்தகங்களையெல்லாம் எடுத்தேன். நீ அவசரப்பட்டுத்தான் எப்போதும் அவுட் ஆகிறாய் என்று எண்ணிக்கையோடு எழுதி உனக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், மறைப்பானேன். உன் அவுட்டுகளில் பொறுப்பில்லாத அடி என்று எனக்குப் பட்டதற்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன், அது உனக்குத் தெரியாது. புத்தகம் முழுக்கச் சிவப்பாக இருக்கும் என்று நம்பித் திறந்தேன்.

அப்படி இல்லை. இங்கே திருவனந்தபுரத்து மைதானங்களில் நான் மேசையில் உட்கார்ந்து எழுதிய நீண்ட ஆட்டங்களில் நீ இருபத்தாறு தடவை ஆடியிருக்கிறாய், இருபத்து மூன்று தடவை அவுட். அடிக்கப் போய் அவுட் ஆனது ஒன்பது. தடுத்துக்கொண்டு நின்று, ஓட்டமே இல்லாமல் முப்பது நாற்பது பந்தை விழுங்கிவிட்டு அவுட் ஆனது பதினான்கு. நான் இரண்டாம் முறை எண்ணினேன், மூன்றாம் முறையும் எண்ணினேன். பிறகு பிஜுவிடம், நீ வெளியூரில் ஆடியதையெல்லாம் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். அங்கே பதினைந்து அவுட்டில் நாலுதான் தடுத்து ஆடிப் போனது, மிச்சம் பதினொன்றும் அடிக்கப் போய். ஆனால் வெளியூரில் உன் சராசரி நாற்பத்து மூன்று. இங்கே, நான் இருந்த இடத்தில், இருபத்தொன்று.

நேற்று தங்கையன் மாமா வந்தார். பத்து வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள், அவர் ஒரு அணிக்கு, நான் ஒரு அணிக்கு, ஓவர் முடிந்ததும் இரண்டு புத்தகத்தையும் ஒத்துப் பார்ப்போம். இந்த ஆடுகளம் மெதுவானது, அதனால்தான் பிள்ளைக்கு ஓட்டம் வரவில்லை என்று அவரிடம் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனிதர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சத்தியநேசா, பிள்ள தூக்கி அடிச்சா ஒனக்க கை சட்டுனு எழும்பாது, அம்பயரு கைய ஆட்டிட்டு நம்மளப் பாத்துட்டே நிப்பாரு, எத்தர தடவ நான் ஒனக்க முட்டில தட்டியிருக்கேன், ஓர்ம இல்லியா என்றார்.

ஓர்மை இருக்கிறது, ஜினி. இல்லை என்று அவரிடம் சொன்னேன், ஆனால் இருக்கிறது. அம்பயர் நாலு என்று கையை ஆட்டினால் ஸ்கோரர் கை உயர்த்தி வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவரை அவர் அடுத்த பந்தை வீச விடமாட்டார், மைதானம் மொத்தமும் மேசையைப் பார்த்து நிற்கும். தரையோடு போன உன் பவுண்டரிக்கெல்லாம் என் கை உடனே உயர்ந்தது. ஆகாயத்தில் போன பவுண்டரிக்கு நான் பென்சில் சீவுவேன், பக்கம் திருப்புவேன். சத்தம் போட முடியாத இடத்தில் உன்னைக் கண்டிக்க எனக்குக் கிடைத்த வழி அதுதான். மெடிக்கல் காலேஜ் மைதானத்தில் அந்தப் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களின் மூன்று நாள் ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். லெக் ஸ்பின்னரை மிட் ஆனுக்கு மேலே தூக்கினாய், அழகான அடி, பந்து கயிற்றைத் தாண்டிய பிறகும் நான் கை உயர்த்தவில்லை. நீ பேட்டை ஊன்றிக்கொண்டு ஆடுகளத்தின் நடுவில் நின்று மேசையைப் பார்த்தாய். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு முப்பத்தொரு பந்து, ஒரு ஓட்டம்கூட இல்லை, பிறகு எல்பிடபிள்யூ. ஓட்டமில்லாத பந்துக்கு ஸ்கோரர் வைக்கும் அந்த முப்பத்தொரு புள்ளிகளும் என் கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. அவற்றை எழுதும்போது, பிள்ளை சொன்னதைக் கேட்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது, ஜினி. பெருமையாக இருந்தது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து உனக்கு பூதலிங்கம் அண்ணனின் கதையைச் சொல்லியே உன் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன், இரண்டரை மணி நேரம் நின்று இருபத்தேழு ஓட்டத்தில் மாவட்ட அணியைத் தோல்வியிலிருந்து காப்பாற்றினார் என்று. அந்தப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழில் பன்னிரண்டு, அவர் சந்தித்த முதல் ஓவரில் வந்தது, மூன்று பவுண்டரி. அதற்குப் பிறகுதான் அருகில் சூழ்ந்து நின்ற நாலு பேரையும் எதிரணிக் கேப்டன் தூரத் தள்ளினார், அதனால்தான் மனிதருக்கு நின்று தடுக்க இடம் கிடைத்தது. உனக்குச் சொல்லும்போதெல்லாம் நான் அந்த முதல் ஓவரை விட்டுவிடுவேன். மறந்து விடவில்லை, சொன்னால் நீ அதை மட்டும் பிடித்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் விட்டேன்.

அதற்காக உன் கோச் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று எழுதமாட்டேன், அப்படி எழுதினால் இது அப்பா எழுதியதுதானா என்று உனக்கே சந்தேகம் வந்துவிடும். ஒன்பது தடவை அடிக்கப் போய் அவுட் ஆனதும் என் புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு அந்த இரண்டாவது பந்துக்கு இறங்கியது எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை, மிட் ஆனில் நின்றவளை அப்போதுதான் பின்னால் லாங் ஆனுக்கு அனுப்பியிருந்தார்கள், நீ அதைப் பார்க்கவில்லை. அது துணிச்சல் அதிகமானதால் வந்த தப்பு இல்லை, பார்க்காததால் வந்தது. பார்த்துவிட்டு அடி, பார்த்துவிட்டு விடு. அடித்து ஆடினால்தான் டெஸ்டில் ஜெயிக்க முடியுமா என்று பிஜு கேட்டால் எனக்கு இன்னும் தெரியாது என்றுதான் சொல்வேன். பயந்து ஆடினால் முடியாது என்பது மட்டும் தெரியும், இருபத்து மூன்று அவுட்டையும் எண்ணியவன் நான். பயத்தினாலேயே அடிக்கிறவர்களும் உண்டு, பயமில்லாமல் நாள் முழுக்கத் தடுக்கிறவர்களும் உண்டு. நீ எதைச் செய்தாலும் அது உன் கண்ணும் உன் காலும் சொல்லிச் செய்ததாக இருக்கட்டும், என் குரல் அதில் வேண்டாம். அந்தச் செய்தியை அழித்துவிடு. நான் பேசியது தப்பு, மன்னித்துக்கொள் மக்களே.

இந்த இடத்தில் பிஜு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, போதும் அப்பா, இனி எழுதாண்டாம், அவ பிராக்டீஸுக்குப் போக வேண்டாமா என்கிறான். முடிக்கிறேன். வெயில் அங்கே சுள்ளென்று அடிக்கும் என்கிறார்கள், கிரீம் தடவாமல் இறங்காதே. இடது கால் கட்டை விரல் நகத்தைக் கவனி, போன தடவை மாதிரி ஷூவில் இடித்துக்கொள்ளப் போகிறாய். அம்மா உன்னை வேதாகமத்தில் சங்கீதம் ஒன்று வாசிக்கச் சொன்னாள், எது என்று அவளே உனக்கு அனுப்புவாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கால் தளராதபடி நிற்கப் பண்ணுவாராக. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கிறது, நீ ஜெயித்தாலும் தோற்றாலும்.

சிவப்புப் பென்சிலை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், சபைக் காலண்டரில் குறித்துக்கொள்ள வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு டிவி முன்னால் மேசை போட்டு, புத்தகத்தை விரித்து உட்காருவேன். பென்சில் நாலையும் இன்றைக்கே சீவி வைத்தாகிவிட்டது. அம்பயர் கை ஆட்டியதும் இங்கே என் கை உயரும், பந்து தரையோடு போனாலும் சரி, ஆகாயத்தில் போனாலும் சரி. தாமதிக்கிறேனா என்று பார்க்க அம்மா பக்கத்திலேயே உட்காரப் போகிறாளாம், ஒன்பது நாளில் அவள் என்னோடு பேசிய நீளமான பேச்சு அதுதான். நீ பதில் எழுத வேண்டாம், ஆட்டத்தைப் பார். மறக்காமல் ஒன்று மட்டும் செய். அடித்த பிறகு மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்காதே மக்களே, அங்கே கை உயர்ந்துதான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
த. சத்தியநேசன்