திரை விழுந்த பிறகு

அம்மா, நம் அபிமான நடிகை ஷிராமினே மேடையை விட்டு விலகும் கடைசி இசை நாடகத்தை, இந்தக் குஷிரோ ஊர் சினிமா தியேட்டரிலேயே நேரடி ஒளிபரப்பில் பார்த்துவிட்டேன்!

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கோபம்தான் இன்னும் அடங்கவில்லை. பாட்டும் ஆட்டமும் அபாரம். ஆனால் அங்கே மேடையில் திரை விழுந்ததும், இங்கே தியேட்டர்க்காரர் எல்லாம் முடிந்தது என்று ஒளிபரப்பை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்!

"யோவ், மறுபடியும் திரை தூக்குவாங்கய்யா! அவ இன்னும் விடைபெறவே இல்ல!" என்று பக்கத்து இருக்கை அக்கா கத்தினாள்.

"அதான் திரை விழுந்துடுச்சேம்மா?"

"உன் தலையில விழுந்திருக்கணும்!"

வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்து எல்லோரும் விடாமல் கைதட்டினோம். மனிதர் மிரண்டுபோய் ஒளிபரப்பை மறுபடி போட்டார். அதற்குள் ஷிராமினே பேசி முடித்து, கையசைத்தபடி உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

நீ அங்கே ஒகயாமா தியேட்டரில் முழுசாகப் பார்த்திருப்பாய். கொஞ்சம் பிளம் ஊறுகாய் அனுப்பு, இங்கே கடையில் வாங்குவது தொண்டையில் இறங்கவில்லை. கூடவே, உன் தோழிகளையும் கூட்டிவைத்து, அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பு. ஷிப்டுக்கு மணி அடிக்கிறது, ஓடுகிறேன். எனக்கு மட்டும் அவள் சொல்லிக்கொள்ளாமலே போன மாதிரி இருக்கிறது. சீக்கிரம் எழுதும்மா.

உன் சயோ